ஒஹாயோ ஸ்டேட் 2025: டெக்சாஸ் மேட்சா, மிச்சிகன் மேட்சா?

அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால்ல (நம்ம ஊர் கால்பந்து இல்ல) நம்ம டீம் ஒஹாயோ ஸ்டேட். 2025 சீசன்ல அதோட ஒரே ஒரு மேட்ச்தான் நேர்ல பாக்க முடியும், எதுக்குப் போறதுன்னு குழம்பினவங்களுக்காக அப்போ எழுதினது.

எப்போ, எங்க: டெக்சாஸ் ஆகஸ்ட் 30, நம்ம சொந்த ஊரான கொலம்பஸ்ல. மிச்சிகன் நவம்பர் 29, அவங்க ஊரான ஆன் ஆர்பர்ல.

குளிர்: ஆகஸ்ட்ல டீ-ஷர்ட் போதும். நவம்பர்ல பெஞ்ச் ஐஸ் மாதிரி இருக்கும், போர்வை கட்டாயம்.

ஆட்டம்: நம்ம குவார்ட்டர்பேக் (பந்து எறிஞ்சு ஆட்டத்த நடத்துறவர்) ஜூலியன் சயினுக்கு டெக்சாஸ் மேட்ச்தான் முதல் ஸ்டார்ட், எதிர்ல டெக்சாஸ் குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங், அதுவும் 2025 ஜனவரில காட்டன் பவுல்ங்கிற அரையிறுதில நம்மகிட்ட 28-14னு தோத்த டெக்சாஸ் சும்மா வராது. ஆனா மிச்சிகன்கிட்ட 2021ல இருந்து 2024 வரைக்கும் தொடர்ந்து நாலு தடவ தோத்திருந்தோம், 2024ல சொந்த ஊர்லயே 13-10, அந்த சீசன்ல தேசிய சாம்பியன்ஷிப் ஜெயிச்சும் அந்த வலி போகல.

முதல்முறை போறீங்க, குழந்தைங்களோடன்னா டெக்சாஸ், நம்ம பேண்ட் வாத்தியக் குழு இங்கிலீஷ்ல 'Ohio'ன்னு எழுத்தா நின்னு, சூசாபோன்ங்கிற பெரிய ஊதுகுழல் வாசிக்கிறவர் அதுல 'i'க்குப் புள்ளியா போய் நிக்கிறத சொந்த மைதானத்துல பாக்கணும். உயிரக் குடுத்துக் கத்துறவங்களுக்கு மிச்சிகன்தான்.