ஆறு வருட உடற்பயிற்சியில் மூன்றே கிலோ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொப்பையைக் கரைக்க வழி தேடுகிறவர்களுக்கு என் அனுபவம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். 41 வயதில் ஆரம்பித்தபோது என் எடை 82 கிலோ. இப்போது வயது 47, எடை 79. "இதே வேகத்துல போனா பத்து கிலோ குறைய இருபது வருஷம் ஆகும்" என்று மனைவி கணக்குப் போட்டே சொல்லிவிட்டாள். லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தால் மட்டும் விஷயமே வேறு.

நான் செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேக நடை. இரண்டு நாள் வீட்டிலேயே ஸ்குவாட், தண்டால், ஒரு ஜோடி டம்பெல். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு. அதன்படி பார்த்தால் நான் பாஸ் மார்க்கில்தான் காலம் தள்ளுகிறேன். 'மிதமான' என்பதற்கு மீட்டர் எதுவும் வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. (நான் பாட முயன்றதில்லை, கூட நடப்பவர்களுக்கும் அதில் வருத்தமில்லை.)

ஆரம்ப வாரங்கள் இன்னும் நினைவிருக்கின்றன. முதல் நாள் ஸ்குவாட் செய்தபோது எதுவும் தெரியவில்லை. மறுநாள் லேசாகப் பிடித்தது. அதற்கு அடுத்த நாள் படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் அதிகம் வலிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. எதையோ கிழித்துவிட்டோமோ என்று பயந்துவிட்டேன். பழகாத தசைக்கு வேலை கொடுத்தால் ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் வலி உச்சத்துக்கு வந்து தானாக அடங்கிவிடும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்று, நான்கு வாரத்தில் டம்பெல் லேசாகத் தோன்ற ஆரம்பித்தது. கையின் பருமனில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. முதலில் பழகிக்கொள்வது நரம்புகள்தான். ஏற்கெனவே இருக்கிற தசையை முழுசாக வேலை வாங்கக் கற்றுக்கொள்கின்றன. தசை வளர்வது அதற்குப் பிறகு, மெதுவாக.

பலன் கிடைக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் என் மகள். அலுவலகத்தில் மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டே அவளோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். "எங்க இருக்கீங்க?" என்றாள். படியில் என்றேன். "மூச்சே வாங்கலையேப்பா!" என்றாள். அப்போது பயிற்சி தொடங்கி மூன்று மாதம் ஆகியிருக்கும். உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 78 இருந்த என் நாடித்துடிப்பு இப்போது 64. இதயம் ஒரு துடிப்புக்கு முன்பைவிட அதிக ரத்தத்தைத் தள்ளுவதால் அத்தனை முறை துடிக்கத் தேவையில்லாமல் போகிறது. சும்மா கிடக்கும் நாளாகவே வைத்துக்கொண்டாலும் இருபதாயிரம் துடிப்பு மிச்சம். மாடிப்படிக்கும் இதயத்துக்கும் உள்ள உறவு பழைய விஷயம்தான். லண்டனின் இரட்டை மாடிப் பேருந்துகளில் நாளெல்லாம் ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸ் குழுவினர் 1953-லேயே எழுதினார்கள்.

ஆனால் என்னை நடக்க வைத்தது இதயம் அல்ல, சுகர். அப்போது வெறும் வயிற்றில் 112, மூன்று மாத சராசரியைக் காட்டும் HbA1c 6.1 சதவீதம். அதாவது சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது. இரண்டாவது வருடம் ஒரு குளுக்கோமீட்டர் வாங்கினேன். ஒரே மாதிரிச் சாப்பாடு, ஒரே நேரம். ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே இருந்தேன்; ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 178. அடுத்த நாள் சாப்பிட்ட கையோடு கால் மணி நேரம் நடந்தேன், 139. நம்பாமல் இன்னும் இரண்டு முறை செய்து பார்த்தேன். எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே வந்தாலும் வித்தியாசம் அப்படியேதான் இருந்தது.

இதன் சூட்சுமம் எனக்குப் பிடித்துப்போனது. சாதாரணமாக ரத்தத்திலிருக்கும் சர்க்கரை தசைக்குள் போக இன்சுலின் வந்து கதவைத் திறக்க வேண்டும். சுருங்கி விரிந்து வேலை செய்யும் தசையோ இன்சுலினுக்குக் காத்திருப்பதில்லை, தானே கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நடந்து முடித்த பிறகும் ஒன்றிரண்டு நாளுக்கு அந்தத் தசை இன்சுலின் சொல்லுக்கு நன்றாகக் கட்டுப்படும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டரை மணி நேரம் நடந்து வாரக் கணக்கை முடித்துவிடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் சுகரைப் பொறுத்தவரை புதன்கிழமைக்குள் அந்த நடையின் தயவு தீர்ந்துவிடும். தொடர்ந்து செய்யச் சொல்வது ஒழுக்கத்துக்காக என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இதைத் தெரிந்துகொண்ட பிறகு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். இப்போது வெறும் வயிற்றில் 97, சராசரி 5.6. பிரஷரும் 138/88-லிருந்து 126/80-க்கு வந்திருக்கிறது. நான் மாத்திரை எதிலும் இல்லாதவன். ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அதைத் தாங்களாகக் குறைக்க வேண்டாம். பயிற்சியும் மருந்தும் சேர்ந்து சுகரை மிகவும் இறக்கிவிடக்கூடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

சரி, எடை ஏன் குறையவில்லை? என் எடைக்கு அரை மணி நேர வேக நடையில் செலவாவது 150 முதல் 180 கலோரி. அதைத் திரும்பச் சாப்பிட ஐந்து நிமிடம் போதும், பசியும் கூடத்தான் செய்யும். நடந்துவிட்டோம் என்ற தெம்பில் மற்ற நேரம் நாற்காலியை விட்டு எழாமல் இருந்த நாட்களும் உண்டு. பேன்ட் இடுப்பு மட்டும் 38-லிருந்து 36-க்கு வந்தது. எடை குறையாவிட்டாலும் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றியிருக்கும் கொழுப்பு பயிற்சியால் குறையும். அதை எடை பார்க்கும் இயந்திரம் காட்டாது.

இனி குறைகள். ஐந்தாவது மாதம் எனக்குத் திமிர் வந்துவிட்டது. அரை மணியை ஒரு மணியாக்கி, நடுவில் ஓட்டமும் சேர்த்தேன். ஒரு காலை கட்டிலிலிருந்து இறங்கி வலது காலை ஊன்றியதும் ஆணியில் மிதித்ததுபோல் குதிகாலில் ஒரு குத்து. பத்தடி நடந்தால் குறையும், கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே குத்து. இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன், அது நான் செய்த பெரிய முட்டாள்தனம். "மூச்சு பழகிடுச்சு சார், குதிகால் இன்னும் பழகல" என்றார் பிசியோதெரபிஸ்ட். இதயமும் தசையும் பழகும் வேகத்தில், தசையை எலும்போடு கட்டும் தசைநாண்கள் பழகுவதில்லை. கெண்டைக்காலை நீட்டிவிடும் பயிற்சியும், உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கடியில் உருட்டுவதுமாக எட்டு வாரம் போயிற்று.

கையில் கட்டும் கடிகாரம் கொஞ்ச நாள் ஆட்டி வைத்தது. பத்தாயிரம் அடி ஆகவில்லையே என்று இரவு பதினொரு மணிக்குப் படுக்கையறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்திருக்கிறேன். அந்தப் பத்தாயிரம் மருத்துவ ஆய்விலிருந்து வந்ததே அல்ல, 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயர் என்று தெரிந்ததும் கடிகாரம் மேசை டிராயருக்குள் போனது.

மூன்றாவது வருடம் ஒரு காய்ச்சல், அதைத் தொட்டுச் சோம்பல், இரண்டரை மாதம் எல்லாம் நின்றது. முதலில் போனது மூச்சு. அதே மூன்றாவது மாடியில் நின்று இளைப்பாற வேண்டியிருந்தது. 1966-ல் டல்லாஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐவரைச் சோதித்தால், அத்தனை வருட முதுமை குறைத்த உடல்திறனைவிட அந்த மூன்று வாரம் குறைத்ததுதான் அதிகம். இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஐம்பது வயதில் ஆறு மாதம் பயிற்சி கொடுத்ததும் அவர்கள் இளமையில் இருந்த நிலைக்குத் திரும்பினார்கள் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. நான் ஐந்து நிமிட நடையில் மறுபடி ஆரம்பித்தேன். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனமும் 2020-ல் எடுத்துவிட்டது. முதல் தடவை மூன்று மாதம் எடுத்த மூச்சு, இந்தத் தடவை ஆறு வாரத்தில் திரும்ப வந்தது.

தூக்கமும் மனநிலையும் பற்றி எண்ணில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. படுத்தால் முன்பைவிடச் சீக்கிரம் தூங்கிவிடுகிறேன். மனநிலைக்கு வீட்டில் வேறு மீட்டர் இருக்கிறது. மாலையில் காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், "நீங்க இன்னிக்கு நடக்கலையா?" என்றுதான் மனைவி முதலில் கேட்கிறாள். பெரும்பாலும் நடந்திருக்க மாட்டேன்.