போனவர் கணக்கு, வந்தவர் கணக்கு: டெல்டாவுக்கு எது சரிப்படும்?

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் வேலை எனக்குச் சில மாதங்கள் இருந்தது. பங்குனி வெயில். உளுந்து பறித்துக் களத்துக்கு வந்துகொண்டிருந்த நேரம். ஒரு வீட்டுத் திண்ணையில் பாட்டி ஒருவர் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"வீட்ல எத்தனை பேரு பாட்டி?"

"அஞ்சு பேரும்மா."

"மகன் எங்க இருக்காரு?"

"இங்கதாம்மா இருக்கான். கடைத்தெருவுக்குப் போயிருக்கான்."

அவர் பக்கத்தில் கோடாலித் தைலக் குப்பி. உள்ளே சுவரில் மகனின் படம்: தலையில் மஞ்சள் ஹெல்மெட், பின்னால் பாதி கட்டிய அடுக்குமாடி. சிங்கப்பூர் என்று யாரும் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. நான் எழுந்து வந்தபோது மருமகள் வாசல்வரை வந்து மெதுவாகச் சொன்னாள்: "வெளிநாட்ல இருக்காருன்னு சொன்னா ரேஷன் கார்டுல பேரை அடிச்சிருவாங்கன்னு பயப்படுறாங்க அக்கா." கையிலிருந்த டேப் கணினியில் ஐந்து என்றே பதிந்தேன். அரசாங்கக் கணக்கில் அந்த மகன் இன்னமும் கடைத்தெருவில்தான் இருக்கிறார்.

டெல்டாவில் ஆள் போவதும் வருவதும் எப்போதும் உள்ளதுதான். அறுவடை முடிந்தால் திருப்பூர், கோவை, சென்னை, கேரளா. கொஞ்சம் வசதி கூடினால் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா. இப்போது எதிர்த்திசையிலும் வரத்து இருக்கிறது. மேற்கு வங்கத்திலிருந்து வரும் ஆட்கள் திருவாரூர், தஞ்சாவூர் வயல்களில் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நடவு நடுகிறார்கள். இந்தப் போக்குவரத்தை அரசு எதை வைத்துத் தெரிந்துகொள்வது? கையில் பல வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிடமும் நான் மூன்று கேள்விதான் கேட்கிறேன். அந்தப் பாட்டியின் மகன் இதில் தென்படுவாரா? மோட்டார் கொட்டகையில் தங்கியிருக்கும் வங்காள நடவு ஆட்கள் தென்படுவார்களா? கிடைக்கும் விவரம், யாராவது எதையாவது செய்யக்கூடிய நேரத்தில் வந்து சேருமா?

பெரிய கணக்கெடுப்பு

மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் அடித்தளம், சந்தேகமில்லை. பிறந்த இடம், முன்பு குடியிருந்த இடம், ஏன் வந்தீர்கள் என்றெல்லாம் கேட்பது அதுதான். 2011 கணக்கில் நாடு முழுக்க 45 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இடம்பெயர்ந்தவர்கள். ஆனால் கல்யாணமாகிப் புகுந்த வீடு போன பெண்கள் அத்தனை பேரும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டவளும், வலங்கைமானிலிருந்து திருப்பூர் மில்லுக்குப் போனவளும் ஒரே தலைப்பின் கீழ்தான். காரணம் வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம், உண்மை. அப்படிப் பிரித்த அட்டவணைகளில் பல 2019-ல்தான் கைக்கு வந்தன. அதற்குள் கஜா புயலே வந்து போய்விட்டது.

இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 மையத் தேதி, அன்று யார் எங்கே என்பதுதான் கணக்கு. அதையொட்டிய பிப்ரவரியில் டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடை. வருஷத்தில் ஆட்கள் ஊரில் தங்கும் நாட்கள் அவை. அறுவடைக் கூலி முடிந்து, உளுந்து பயறும் ஒதுங்கி, மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வரும்வரை உள்ள இடைவெளியில்தான் வீடுகள் பூட்டப்படும். கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும்போது எல்லோரும் இருப்பார்கள். அவர் போன இரண்டாம் மாதம் தெருவே காலி. பருவத்துக்குப் போய்த் திரும்புகிறவர் அந்தக் கணக்கில் ஊரைவிட்டே போகாதவர். மயிலாடுதுறைக்காரர்களுக்கு இன்னும் ஒரு சங்கடம் உண்டு. 2020 டிசம்பரில் பிறந்த மாவட்டம் அது. 2011 புத்தகத்தில் தேடினால் நாகப்பட்டினத்துக்குள்தான் கிடைக்கும்.

விமானம் ஏறுகிறவர்கள்

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு மத்திய அரசின் இ-மைகிரேட் தளம் இருக்கிறது. இதை நம்பி 'இத்தனை பேர் போனார்கள்' என்று எழுதுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுக்காது. 1983 குடிபெயர்வுச் சட்டத்தின்படி குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டியது 18 நாடுகளுக்குப் போகிறவர்கள் மட்டும். அவர்களிலும் பெரும்பாலும் பத்தாம் வகுப்பு தேறாதவர்கள். வளைகுடா நாடுகள் பட்டியலில் உண்டு, மலேசியாவும் உண்டு. சிங்கப்பூர் இல்லை. பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்து, திருச்சியில் விமானம் ஏறும் டெல்டாப் பையன் எந்த நாட்டுக்குப் போனாலும் இந்தக் கணக்கில் விழமாட்டான். பாட்டியின் மகன் இரண்டு காரணத்தாலும் வெளியே.

ஒரு காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா கப்பல் போனது. ஏறியவர் பெயர் கப்பல் பட்டியலில் இருக்கும். தோட்டத்துக்கு ஆள் அனுப்பிய வெள்ளைக்கார அரசு தலை எண்ணித்தான் அனுப்பியது. அது அவர்களின் லாபக் கணக்கு, பாராட்டுக்குரியது ஒன்றுமில்லை. ஆனாலும் அன்று எண்ணப்பட்ட ஆள் இன்று எண்ணப்படவில்லை என்பது உறுத்துகிறது. வேலை செய்த இடத்தில் விழுந்து இறந்த ஒருவரின் உடலைக் கொண்டுவர, குடும்பத்தார் அலுவலகம் அலுவலகமாக 'அவர் அங்கே போனார்' என்பதற்கே சான்று தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் மாதிரி ஆய்வு எவ்வளவோ மேல். கேரளம் 1998 முதல் சில ஆண்டுக்கொருமுறை இடப்பெயர்வு ஆய்வு நடத்துகிறது. எந்த நாட்டில் எத்தனை பேர், எவ்வளவு பணம் வருகிறது, எத்தனை பேர் திரும்பினார்கள் என்று வரிசையாகச் சொல்ல அவர்களால் முடிகிறது. தமிழ்நாட்டில் 2015-ல் 20,000 வீடுகளில் அப்படி ஓர் ஆய்வு நடந்தது. சுமார் 22 லட்சம் பேர் வெளிநாட்டில் என்று அது மதிப்பிட்டது. அதிகம் பேர் இருந்த நாடு சிங்கப்பூர், 4 லட்சத்துக்கு மேல். அதாவது, மத்திய அரசின் அனுமதிக் கணக்கு பார்க்கவே பார்க்காத நாடுதான் நமக்கு முதலிடம். ஆய்வுக்கு வந்தவர் கார்டு கேட்கவில்லை, ஆதார் கேட்கவில்லை. அதனால் பாட்டிகள் உண்மை சொன்னார்கள் என்றே நினைக்கிறேன். குறை என்னவென்றால், மாவட்ட அளவுக்குக் கீழே அது இறங்காது. கோட்டூர் ஒன்றியத்தில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதை அதனால் சொல்ல முடியாது.

ரேஷன் கடை இயந்திரம்

பலரும் கவனிக்காத வழி இது. 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' தமிழ்நாட்டுக்கு வந்தபின் ஒரு கடை அட்டையை வேறு கடையிலும் தேய்க்கலாம். முத்துப்பேட்டை அட்டைக்குத் திருப்பூரில் அரிசி வாங்கினால், எந்த ஊர் அட்டை, எந்த ஊர்க் கடை, எந்த மாதம் என்ற தடம் தானாகவே விழுகிறது. யாரையும் ஒரு கேள்வி கேட்க வேண்டாம். பெயரை நீக்கிவிட்டு, இந்த ஒன்றியத்து அட்டைகள் இந்த மாதம் எந்தெந்த மாவட்டத்தில் எத்தனை முறை என்று மட்டும் உணவுத் துறை மாதாமாதம் வெளியிட்டால் போதும், குடும்பத்தோடு போகிறவர்களின் வரைபடம் கிடைத்துவிடும். திருப்பூரில் எந்தப் பள்ளிக்கு எப்போது பிள்ளைகள் வருவார்கள் என்பதைக்கூட ஓரளவு முன்கூட்டிச் சொல்லலாம்.

ஆனால் அந்த இயந்திரத்துக்கும் கண் அரைக்கண்தான். வீட்டில் ஒருவர் கைரேகை வைத்தாலே குடும்பத்துக்கே பொருள் வரும். பாட்டி விரல் வைக்கிறார், மகன் ஊரில் இருப்பதாகவே இயந்திரம் நினைக்கிறது. தனியாகப் போகும் இளைஞன் மெஸ்ஸில் சாப்பிடுகிறான், மில் விடுதிப் பெண்ணுக்கு விடுதியிலேயே சாப்பாடு. இருவரும் எந்தக் கடையிலும் அரிசி வாங்குவதில்லை. வங்காள ஆட்களும் நாலு நாளுக்கொரு வயல் மாறுகிறவர்கள். அட்டையைக் கையோடு கொண்டுவந்து மாதக் கடைசியில் வரிசையில் நிற்பவர்கள் அல்ல. மேஸ்திரியே அரிசி மூட்டை இறக்கிவிடுகிறார்.

இ-ஷ்ரம் தளம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கி 30 கோடிக்கும் மேல் பதிவு. அமைப்புசாராத் தொழிலாளிக்கு ஓர் எண் கிடைக்கிறது, நல்லது. ஆனால் பதிந்தவர் அடுத்த மாதம் வேறு ஊர் போனால், அவரே உட்கார்ந்து திருத்தினால்தான் உண்டு. யார் திருத்துவார்கள்? உதவி கொடுக்க உதவும், எண்ணிக்கைக்கு உதவாது. வெளிமாநிலத் தொழிலாளர் பதிவும் முதலாளியை நம்பியது. ஒரு நிலத்தில் மூன்று நாள், அடுத்த நிலத்தில் இரண்டு நாள் என்று நகரும் நடவுக் கூட்டத்துக்கு முதலாளி யார்? செல்போன் கோபுரத் தரவை வைத்துப் பார்க்கலாமே என்பவர்களுக்கு ஒரே பதில்: ஊரார் சம்மதிக்காத கணக்கு எனக்கு வேண்டாம். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரசுக்கு விலக்குகள் தாராளம் என்பதால் இதைச் சட்டம் தடுக்கும் என்று நம்பி இருக்கவும் முடியாது.

ஆளுக்கும் ஓர் அடங்கல்

என் வாக்கு ஊராட்சிப் பதிவேட்டுக்கு. நம் ஊரில் நிலத்துக்கு அடங்கல் உண்டு. எந்தச் சர்வே எண்ணில் இந்தப் போகம் என்ன பயிர், எத்தனை மா நட்டது, எத்தனை தரிசு என்று பசலிக்குப் பசலி, அதாவது வருவாய் ஆண்டுதோறும், வி.ஏ.ஓ. எழுதுகிறார். தரிசாகக் கிடக்கும் நிலம் ஏட்டில் இருக்கிறது. அந்த நிலத்தில் வேலை இல்லாமல் போன ஆள் எந்த ஏட்டிலும் இல்லை. சத்தீஸ்கரில் ஊராட்சிகள் 'பலாயன் பஞ்சி' என்று வெளியேறுவோர் பதிவேடு வைக்கின்றன. அங்கே அது எவ்வளவு ஒழுங்காக எழுதப்படுகிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். யோசனை சரியானது.

தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராம சபை. அவற்றில் மார்ச் 22 டெல்டாவில் ஆட்கள் கிளம்பும் காலம். அக்டோபர் 2 சம்பாவுக்குத் திரும்பியிருக்கும் காலம். அந்த இரண்டு நாளுக்கு முந்தைய வாரம் தெருவுக்கு ஒரு மகளிர் குழுப் பெண் எண்ணினால் போதும். டேப்போடு வரும் அந்நியரிடம் 'கடைத்தெருவுக்குப் போயிருக்கான்' என்ற பாட்டி, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அப்படிச் சொல்ல முடியாது. அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே. நடவு ஆட்கள் எந்தக் கொட்டகையில் எத்தனை பேர், கூடக் குழந்தை உண்டா, யாருக்காவது காய்ச்சலா என்பதும் அவளுக்குத் தெரியும்.

இதன் ஓட்டைகளையும் சொல்லிவிட வேண்டும். முதலில் ஊரைவிட்டுப் போகிறவர்கள் நிலமில்லாதவர்கள், காலனித் தெருக்காரர்கள். ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்தே பதிவேட்டை நிரப்பினால் முதலில் விட்டுப்போவதும் அந்தத் தெருதான். அதனால் அந்தந்தத் தெருவை அந்தந்தத் தெருப் பெண்ணே எண்ண வேண்டும். ஆண்கள் இல்லாத வீடு எது என்ற பட்டியல் வட்டிக்காரர் கையிலோ திருடன் கையிலோ போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வெளிமாநில ஆட்களின் பட்டியல் இன்னும் ஆபத்து. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, பீகாரிலிருந்து குழுவே வந்து பார்த்துப் போக வேண்டியதாயிற்று. ஆகவே பெயர் ஊராட்சியைத் தாண்டக் கூடாது. ஒன்றியத்துக்கும் ஆட்சியருக்கும் எண்ணிக்கை மட்டும் போக வேண்டும், காவல் நிலையத்துக்கு எதுவுமே வேண்டாம்.

அப்படி எண்ணிக்கை மட்டும் போனாலே என்னென்ன நடக்கலாம்! கஜா 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யத்தை அடித்தபோது எந்தத் தெருவில் கிழவிகள் மட்டும் இருந்தார்கள் என்று யாரிடமும் கணக்கில்லை. 2020 ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் எத்தனை தொழிலாளர்கள் இறந்தார்கள் என்ற கேள்விக்கு, விவரம் இல்லை என்று நாடாளுமன்றத்திலேயே மத்திய அரசு சொன்னது. முதியவர்களுக்கு வீட்டு வாசலில் ரேஷன் கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் முதியவர் எந்தத் தெருவில் அதிகம் என்று தெரிந்தால் அந்த வண்டி முதலில் எங்கே போக வேண்டும் என்பதும் தெரியும்.

ஆக என் வரிசை இது. ஊராட்சிப் பதிவேடு முதலில். அதைச் சரிபார்க்க ரேஷன் தடம். வெளிநாட்டுக் கணக்குக்கு ஐந்து ஆண்டுக்கொருமுறை மாதிரி ஆய்வு. பெரிய கணக்கெடுப்பு அடித்தளமாக இருக்கட்டும், பருவத்துக்குப் போகிறவர்களை அதில் தேட வேண்டாம்.

ஆனால் ஒன்று சரியாகாமல் இந்த வரிசை நிற்காது. பாட்டியின் பயம் பொய்ப் பயம் அல்ல. 2025 டிசம்பரில் வந்த வரைவு வாக்காளர் பட்டியலில் தமிழ்நாட்டில் 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் இல்லை. அவற்றில் 66 லட்சத்துக்கும் மேல் 'குடிபெயர்ந்தவர், முகவரியில் இல்லாதவர்' என்ற கணக்கில் போனவை. இல்லை என்று சொன்னால் பெயர் போகும் என்பதை ஊர் கண்ணால் பார்த்திருக்கிறது. அதனால் பதிவேட்டின் முதல் பக்கத்தில், கட்டங்களுக்கு மேலே, ஆட்சியர் கையெழுத்தோடு ஒரு வரி அச்சாக வேண்டும்: "இதில் எழுதியதால் ரேஷன் அட்டையிலோ வேறு எந்தப் பட்டியலிலோ யார் பெயரும் நீக்கப்படாது." அதே வரி வங்காள மொழியிலும் வேண்டும், கொட்டகைச் சுவரில் ஒட்டுவதற்கு. பாட்டிக்கு எழுத்து தெரியாது. மருமகள் படித்துக் காட்டுவாள்.