ஆஃபர் லெட்டரா, சமச்சீர் புத்தகமா, பெல்ட் வண்டியா? டெல்டா பி.இ.க்களின் வழிகள்

ஏழாவது செமஸ்டர் தொடங்குவதும் வாய்க்காலில் ஆடித் தண்ணீர் ஓடுவதும் டெல்டாவில் ஏறக்குறைய ஒரே சமயம். பிளேஸ்மெண்ட் பேச்சு அப்போதுதான் சூடு பிடிக்கும். செங்கிப்பட்டியிலோ திருக்குவளையிலோ மன்னம்பந்தலிலோ படிக்கும் இருபது வயசுப் பிள்ளை அடுத்த ஆறு மாதத்துக்குள் ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். எந்தப் பக்கம் நல்லது என்று யாரைக் கேட்டாலும் முதல் மாதச் சம்பளத்தை வைத்துத்தான் பதில் வரும். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. மூன்று வருஷம் கழித்து அந்த வேலை உங்களை யாராக ஆக்கியிருக்கும், பிடிக்கவில்லை என்றால் திரும்பி வர முடியுமா, இந்த இரண்டையும் கேட்டுப் பார்த்தால் வழக்கமான வரிசை கலைந்துவிடுகிறது.

சம்பளத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. பெரிய ஐடி சர்வீஸ் கம்பெனிகள் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுப்பது ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே பல வருஷமாக நிற்கிறது. பிடித்தம் போக மாதம் 25,000 சொச்சம். சென்னையில் பிஜி வாடகை, சாப்பாடு, மாதம் ஒருமுறை மன்னை எக்ஸ்பிரஸில் ஊருக்கு வந்துபோவது எல்லாம் கழித்து வீட்டுக்கு 5,000 அனுப்பினால் கெட்டிக்காரப் பிள்ளை. கோர் வேலையில், அதாவது படித்த பாடத்தோடு ஒட்டிய வேலையில், டிரெய்னிக்கு 15,000 முதல் 20,000 வரை என்பார்கள். பல இடங்களில் சாப்பாடு கேண்டீனில், போக்குவரத்து கம்பெனி பஸ்ஸில். ஆக, ஆஃபர் லெட்டரில் தெரிகிற இடைவெளி மாதக் கடைசியில் பாதியாகிவிடும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் லெட்டர்தான் போகிறது, மாதக் கடைசி போவதில்லை.

சரி, ஆள் எப்படி மாறுகிறார்? டெல்டாவுக்குப் பக்கத்தில் கோர் என்றால் துவாக்குடி. 1960களில் திருச்சியில் அனல்மின் நிலையங்களுக்கு பாய்லர் செய்யும் பெல் (BHEL) ஆலை வந்தபிறகு அதற்கு பாய்லர் பாகம் செய்து கொடுக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் முளைத்தன. அங்கே குவாலிட்டியில் சேரும் மெக்கானிக்கல் பையனுக்கு முதல் சோதனை எக்ஸ்ரே ஃபிலிம். வெளிச்சப்பெட்டியில் ஃபிலிமை வைத்து, வெல்டுக்குள் கறுப்புப் புள்ளியாகத் தெரியும் போராசிட்டியை, அதாவது வாயு அடைபட்ட ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். அது பரவாயில்லை, பழகிவிடும். அதற்கப்புறம்தான் இருக்கிறது. இருபது வருஷமாக வெல்டிங் அடிக்கிறவரிடம் போய், "அண்ணே, இந்த ஜாயிண்ட் ரிப்பேர். தோண்டிட்டுத் திரும்ப அடிக்கணும்" என்று சொல்ல வேண்டும். அவர் நிமிர்ந்து பார்க்கிற பார்வையைத் தாங்கிக்கொண்டு, கோட் (வெல்டிங் தர விதிகள்) என்ன அனுமதிக்கிறது என்பதை எடுத்துக்காட்டி நிற்க வேண்டும். நாலு வருஷப் படிப்பு செய்யாததை அந்த ஐந்து நிமிஷம் செய்துவிடும். அன்றைக்கு சாயங்காலம் அந்தப் பையன் தன்னை என்ஜினியர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அதே பையன் ஐடியில் சேர்ந்தால் மூன்று மாதம் ஜாவா பயிற்சி, அப்புறம் ப்ராஜெக்ட் கிடைக்கும்வரை பெஞ்சில் காத்திருப்பு, அப்புறம் சப்போர்ட் ப்ராஜெக்ட், டிக்கெட்டாக வரும் புகார்களைத் தீர்த்து மூடுவது. கேவலமான வேலை இல்லை. ஏசி ஹால், வயசொத்த கூட்டம், இங்கிலீஷில் தைரியமாகப் பேச வருகிறது, உலகம் விரிகிறது. ஆனால் "ஐடில இருக்கேன்" என்று சொன்னபிறகு நீங்கள் மெக்கா சிவிலா என்று யாரும் கேட்பதில்லை. கொஞ்ச நாளில் நீங்களும் கேட்டுக்கொள்வதில்லை.

திரும்பும் வழியில்தான் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். கோரிலிருந்து ஒரு கோர்ஸ் முடித்து ஐடிக்குப் போனவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். "ரெண்டு வருஷம் ஐடி, அப்புறம் கோர்" என்று கிளம்பியவர்களில் திரும்பி வந்தவரைக் காண்பது அரிது. பட்டறைக்காரர் கேட்பது பாஸான வருஷமும் ஷாப் அனுபவமும்தான், அவருக்கு உங்கள் இரண்டு வருஷ டிக்கெட் கணக்கில் வராது. அதனால் மெக், சிவில், ட்ரிபிள் ஈ படித்து, அந்தப் பாடத்தில் கொஞ்சமாவது பிடிப்பு இருப்பவர்களுக்கு என் ஓட்டு முதலில் கோருக்குத்தான். சிஎஸ்இக்காரர்களுக்கு இந்த வாதமே தேவையில்லை, அவர்களுக்கு ஐடிதான் கோர்.

கோருக்கு ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. அனல்மின் நிலைய ஆர்டர் குறைந்தபோது துவாக்குடிப் பட்டறைகள் பட்ட பாடு திருச்சிக்கே தெரியும். டெல்டாவுக்குள் புதிதாகக் கனரக ஆலை வரும் என்று காத்திருக்கவும் முடியாது. 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் உருக்காலை, தோல் தொழிற்சாலை, புதிய எண்ணெய் எரிவாயுத் துரப்பணம் எல்லாவற்றையும் இங்கே தடுக்கிறது. வயலுக்கு அது வேண்டிய சட்டம்தான், எனக்கு அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் கோர் என்றால் ஓசூரோ ஸ்ரீபெரும்புதூரோ என்பதைத் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்தது அரசுத் தேர்வு. மற்ற ஊர்களை விட டெல்டாவில் இதற்கு இழுப்பு அதிகம் என்று நினைக்கிறேன், அதற்குக் காரணமும் உண்டு. இங்கே என்ஜினியர் என்ற ஆளை மக்கள் முதலில் பார்த்தது ஆற்றங்கரையில். முறைத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் என்று பொதுப்பணித் துறை ஏஇ (உதவிப் பொறியாளர்) சொல்ல, லஸ்கர் போய் ஷட்டரைத் தூக்க, ஊரே காத்திருந்தது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிட மேலணையின் 9 ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போனபோது டீக்கடையில் பேசியதெல்லாம் என்ஜினியர்களைப் பற்றித்தான். அந்த ஏஇ நாற்காலிக்குப் படிப்பது சிவில் மாணவருக்குத் தன் படிப்போடு ஒட்டிய கனவு. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் பி.இ.க்களில் பலர் படிப்பது அதற்கு இல்லை, குரூப் 4-க்கு. பத்தாம் வகுப்பு போதும் என்கிற தேர்வு அது. 200 கேள்வி, அதில் 100 தமிழ். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை சமச்சீர் தமிழ்ப் புத்தகம், மூன்று நிற ஹைலைட்டர், ஓரத்தில் பேனாவில் எழுதிய நூல் ஆசிரியர் பட்டியல். 2024-இல் விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல், அறிவிப்பில் சொன்ன இடங்கள் 6,244. வென்றால் அறுபது வயது வரை கவலையில்லை, சொந்தப் பந்தத்தில் மரியாதை, சைக்கிளில் போகும் தூரத்தில் ஆபீஸ். தோற்றால் கையில் நிற்பது ஒன்றுமில்லை. மூன்று வருஷம் கழித்து இன்டர்வியூவில் "நடுவில் என்ன பண்ணீங்க?" என்று கேட்பார்கள்.

உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966-இல் இளைஞர்களை நான்கு நிலையாகப் பிரித்தார்: தேடிப் பார்த்து முடிவெடுத்தவர், தேடாமலே முடிவை ஏற்றுக்கொண்டவர், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர், தேடலும் முடிவும் இல்லாதவர். கேம்பஸில் வந்த முதல் ஆஃபரை அப்பா, மாமா, டிபார்ட்மெண்ட் எச்ஓடி மூவரும் சேர்ந்து முடித்துவைப்பது இரண்டாவது வகை. "குரூப் எக்ஸாமுக்குப் படிச்சிட்டிருக்கேன்" என்பது மூன்றாவது போலத் தெரியும். இரண்டாவது முயற்சிக்கு மேல் போனால் எனக்கு அது நாலாவதாகவே படுகிறது. கல்யாண வீட்டில் "தம்பி என்ன பண்றே?" என்று கேட்பவருக்குக் கொடுக்க ஒரு பதில் கிடைத்துவிடுவதால், தனக்குள் கேட்க வேண்டிய கேள்வி தள்ளிப்போகிறது.

சிங்கப்பூரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் தெருவுக்கு ஒருவர் அங்கே இருக்கிறார். எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) டிகிரிக்கு ஏற்ற வேலை என்றால் யோசிக்காமல் போகலாம். ஸ்கில் டெஸ்ட் எழுதி, ஏஜெண்டுக்கு லட்சக்கணக்கில் கொடுத்து, உடலுழைப்பு வேலைக்கான ஒர்க் பெர்மிட்டில் போவது பணத்துக்கு மட்டுமே. வீட்டுக் கடன் கழுத்தை நெரித்தால் அதுவும் நியாயம்தான், பி.இ.யின் தொடர்ச்சி என்று மட்டும் நினைக்கக்கூடாது.

ஊரிலேயே இருப்பது என்ற வழியை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. "வேலை கிடைக்காதவன்" என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். தை மாதம் சம்பா அறுப்பில் வயலுக்குப் போய்ப் பாருங்கள். ஈரச் சேற்றில் டயர் வைத்த அறுவடை இயந்திரம் இறங்காது, வாடகை கூட என்றாலும் பெல்ட் வண்டிதான் வேண்டும். அவற்றில் நிறைய ஆத்தூர், சேலம் பக்கமிருந்து வருபவை. நடு வயலில் ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்தால் மெக்கானிக் வரும்வரை கதிர் பனியில் நிற்கும். அறுத்த நெல்லைக் கொண்டுபோனால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பார்கள். அதனால்தான் தார் ரோட்டில் நெல் காய்கிறது. மழையில் நனைந்த குறுவை நெல்லை என்ன செய்வது என்ற இதே சிக்கலுக்காக 1967-இல் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள், அதுதான் வளர்ந்து இன்றைக்குத் தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக இருக்கிறது. உலர்த்தி, ஹைட்ராலிக்ஸ், ஈரப்பதச் சென்சார், சோலார் பம்ப் என்று மெக், ட்ரிபிள் ஈ, ஈசிஇ மூவருக்கும் இங்கே வேலை கிடக்கிறது. அதற்கு ஐடி கார்டு மட்டும்தான் இல்லை.

இதற்கு முதலீடு வேண்டும். பட்டதாரிகள் தொழில் தொடங்க மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு, மீதிக்கு வங்கிக்கு நடக்க வேண்டும். நிலமோ, தாங்கிப்பிடிக்கும் அண்ணனோ இல்லாத முதல் பட்டதாரி வீட்டுப் பிள்ளையிடம் நேராக இதில் இறங்கு என்று சொல்ல எனக்கு மனசு வராது. இரண்டு வருஷம் கோர், கையில் ஒரு தொழில், அப்புறம் ஊர் என்ற வரிசை அவருக்குப் பொருந்தும்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த ஒப்பீடு அப்படியே தலைகீழ். பட்டறையில் சேர்த்துக்கொள்ள யோசிக்கிறார்கள், நைட் ஷிப்ட் என்றால் வீட்டில் யோசிக்கிறார்கள். ஐடி ஆஃபரின் அசல் மதிப்பு அவர்களுக்குச் சம்பளத்தில் இல்லை. வரன் பார்க்கும் பேச்சைத் தள்ளிப்போட வீடே ஒப்புக்கொள்ளும் காரணமாக இரண்டு மூன்று வருஷம் கிடைக்கிறது. ஈசிஇ படித்த பெண்கள் சென்னையில் வேலையை விடாமலே, இரவில் ஹாஸ்டல் கட்டிலில் குரூப் 2-க்குப் படிப்பதைப் பார்க்கிறேன். தேர்வு கைகூடாவிட்டாலும் திங்கட்கிழமை போக ஓர் ஆபீஸ் இருக்கிறது. பையன்கள்தான் வேலையை விட்டுவிட்டுப் படிக்க உட்காருகிறார்கள்.