ஃபுஜி மலைக்கு எந்தப் பாதை?

3,776 மீட்டர் உயரமுள்ள ஃபுஜியில் ஏற நான்கு பாதைகள் உண்டு. ஜூலையில் திறந்து செப்டம்பர் 10 வாக்கில் மூடிவிடுவார்கள். பலரும் எந்த வழி குட்டை என்றுதான் கேட்கிறார்கள். எங்கிருந்து கிளம்புகிறோம், எப்படி இறங்கப்போகிறோம் என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்பேன்.

குட்டையான வழி ஃபுஜினோமியா. 2,400 மீட்டரில் தொடங்குவதால் ஐந்து மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடலாம். மலையின் மிக உயரமான புள்ளியான கெங்காமினேயும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் வேகமாக உயரம் ஏறுவதால் தலைவலி, குமட்டல் வர வாய்ப்பு அதிகம். ஏறிய அதே பாறைப் படிகளில்தான் இறங்கவும் வேண்டும். முழங்கால் பாடு திண்டாட்டம்தான்.

யோஷிதாவில் வசதிகள் அதிகம். டோக்கியோவிலிருந்து நேரடிப் பேருந்து, வழிநெடுக மலைக்குடில்கள், இறங்கத் தனிப் பாதை. உச்சியைத் தொடாவிட்டாலும் சரிவில் நின்றே சூரிய உதயம் பார்க்கலாம். கூட்டம்தான் தொல்லை. 2024இல் நாளுக்கு 4,000 பேர் என்று வரம்பே வைத்தார்கள். 2025இல் நான்கு பாதைகளுக்கும் கட்டணம் 4,000 யென். பிற்பகல் 2 மணிக்கு மேல் குடிலில் இடம் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அனுமதி.

என் ஓட்டு சுபாஷிரிக்கு. சுமார் 2,000 மீட்டரில், காட்டுக்குள் தொடங்குகிறது. நிழலில் மெதுவாக ஏறும்போது உடம்பும் உயரத்துக்குப் பழகிக்கொள்ளும். எட்டாம் நிலையத்தில் (பாதையைப் பத்துக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள், அதில் எட்டாவது) யோஷிதா கூட்டத்தோடு சேரவேண்டியிருக்கும், அது ஒன்றுதான் குறை. இறக்கம் அருமை: கறுப்பு எரிமலை மணலில் குதிகாலை ஊன்றினால் கால் புதைந்து தானாகச் சறுக்கும், மூட்டில் அடியே விழாது. ஷூவுக்குள் மணல் போகாமல் கணுக்கால் உறையும், புழுதிக்கு முகக்கவசமும் வேண்டும்.

கோதெம்பா 1,440 மீட்டரில் தொடங்குகிறது, குடில்களும் குறைவு. முதல்முறை போகிறவர்களுக்கு வேண்டாம்.

குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போவதானால் யோஷிதாவே சரி, வார நாளாகப் பார்த்துப் போங்கள். எந்த வழியானாலும் குடிலில் ஓர் இரவு தங்குவது நல்லது. ஆகஸ்டிலும் விடியலுக்கு முன் உச்சியில் குளிர் பூஜ்யத்தை நெருங்கும். கம்பளி உடுப்பும் மழைக்கோட்டும் கட்டாயம். கழிப்பறைக்குக் காசு கேட்பார்கள், 100 யென் நாணயங்கள் இருக்கட்டும். அப்புறம், இறங்கும்போது எட்டாம் நிலையத்தில் பாதை பிரியும்: மஞ்சள் பலகை யோஷிதாவுக்கு, சிவப்பு சுபாஷிரிக்கு. களைப்பில் பலகையைப் பார்க்காமல் திரும்பினால், வேறொரு மாகாணத்தில் போய் இறங்கி, பேருந்துக்கு அலையவேண்டியிருக்கும்.