புதுப் பெட்டையைக் கூட்டத்தில் சேர்க்க: இருட்டில் விடுவதா, வலைக்கு அந்தப் பக்கம் வைப்பதா?

நாலைந்து கோழிகள் இருக்கிற இடத்துக்குப் புதிதாக ஒரு பெட்டையைக் கொண்டுவந்தால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இருட்டினதும் மற்ற கோழிகள் அடைந்திருக்கும் கம்பில் தூக்கி வைத்துவிடு, விடிந்தால் ஒன்றாகிவிடும் என்பார் ஒருவர். நடுவே ஒரு வலையைக் கட்டிப் பத்து நாள் அதற்கு அந்தப் பக்கம் வை என்பார் இன்னொருவர். எல்லாவற்றையும் வெளியே மேயவிட்டால் அதுகளே பார்த்துக்கொள்ளும் என்பவர்களும் உண்டு. மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன். என் கணக்கில் வலைதான் முதல், வெளியில் விடுவது அதற்கு அடுத்தது, இருட்டு கடைசி.

எந்த வழியானாலும் அதற்கு முன்னால் முப்பது நாள் தனிமை வேண்டும். வலைக்கு அந்தப் பக்கம் வைப்பதைத் தனிமை என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே காற்றும் தூசியும் ஒன்றுதான். புதுக்கோழி முற்றிலும் வேறு இடத்தில், வேறு தண்ணீர்த் தட்டோடு இருக்க வேண்டும். பழைய கோழிகளுக்குத் தீவனம் போட்டுவிட்டுக் கடைசியாகத்தான் அதனிடம் போக வேண்டும். கண்ணில் நுரை, தும்மல், முகவீக்கம், கழிச்சல் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். ஆசனவாய்க்குக் கீழே இறகை விலக்கினால் அடித்தண்டில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருப்பது பேன் முட்டை. மருந்து பேனைக் கொல்லும், முட்டையைப் பெரும்பாலும் கொல்லாது. அதனால் பத்து நாள் கழித்து இன்னொரு தடவை போட வேண்டும். மைகோபிளாஸ்மா போன்ற கிருமி பார்வைக்கு நன்றாக இருக்கிற கோழியிலும் ஒளிந்திருக்கலாம். முப்பது நாள் பார்த்தாலும் அது தெரியாமல் போகலாம், ஆனால் வேகமாகத் தாக்குகிற நோய்கள் பலவும் அதற்குள் வெளியே வந்துவிடும்.

சரி, சண்டைக்கு வருவோம். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு ஆய்வாளர் தோர்லைஃப் ஷெல்டெரப்-எப்பே 1921-லேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார். புதிதாக ஒன்று வந்தால் பழையவை ஒவ்வொன்றும் தனித்தனியாக அதனோடு கணக்குத் தீர்க்க வேண்டும். ஐந்து இருந்தால் ஐந்து வழக்கு. அந்த வழக்கு எங்கே, எவ்வளவு இடத்தில் நடக்கிறது என்பதில்தான் இந்த மூன்று வழிகளும் வேறுபடுகின்றன.

இருட்டு முறைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. கோழிக்கு இருட்டில் சரியாகக் கண் தெரியாது, அதனால் அப்போது சண்டை போடாது. ஆனால் பக்கத்தில் படுத்து வாசனை ஒட்டிக்கொள்வதால் காலையில் ஏற்றுக்கொள்ளும் என்று சொல்வதை நான் நம்புவதில்லை. கோழி மற்ற கோழியை முக்கியமாகக் கண்ணால்தான் அடையாளம் காண்கிறது, அதிலும் கொண்டையையும் முகத்தையும் பார்த்து. விடிந்ததும் பார்க்கத்தானே போகிறது? அப்போது எல்லாம் சாத்திய கதவுக்குள் இருக்கும்.

ஒருமுறை அப்படி விட்டுவிட்டு, மறுநாள் கொஞ்சம் தாமதமாகக் கதவைத் திறந்தேன். புதுப்பெட்டை தண்ணீர்ப் பாத்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே தலையைச் செருகிக்கொண்டு நின்றது. கொண்டை நுனி கிழிந்து, ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. பின்கழுத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு இறகே இல்லை. பிழைத்துக்கொண்டது. ஆனால் அப்புறம் இரண்டு வாரம் கம்பை விட்டு இறங்கவே பயந்தது, தீவனத்தைக் கையில் கொண்டுபோய்த்தான் கொடுத்தேன். இருட்டு முறை ஓரிடத்தில் மட்டும் உண்மையிலேயே சிறந்தது: அடைக்கோழிக்கு ஒருநாள் குஞ்சுகளைச் சேர்க்கும்போது. அங்கே இரவில் வயிற்றுக்கடியில் தள்ளிவிடுவதுதான் சரி.

வெளியில் மேயவிடுவதன் பலம், தோற்ற கோழி ஓட முடியும் என்பது. ஓடிவிட்டால் துரத்துகிறது நின்றுவிடும். கூண்டுக்குள் ஓட வழியில்லாததால் தோற்றதுகூடத் தோற்றதாகத் தெரிவதில்லை, அடி விழுந்துகொண்டே இருக்கும். ஆனால் இந்த முறை பொழுது சாயும்போது காலை வாரிவிடும். புதுக்கோழிக்கு எங்கே அடைவது என்று தெரியாது. மரத்திலோ மதிலிலோ ஏறி உட்கார்ந்துகொள்ளும், பூனை வருகிற நேரம் அது. தூக்கி உள்ளே விட்டால் வாசலிலேயே மறித்துக் கொத்துவார்கள்.

வலை இந்த இரண்டின் குறையையும் தீர்க்கிறது. கொட்டகையிலேயே ஒரு மூலையைத் தடுத்து ஏழிலிருந்து பத்து நாள் வையுங்கள். தலை நுழையாத அளவுக்குக் கண் சின்னதாக இருக்கட்டும். தீவனத் தட்டை இரண்டு பக்கமும் வலையை ஒட்டி வைத்தால் மூக்குக்கு மூக்கு நின்று தின்னும். முதல் நாள் மூத்த பெட்டை கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு வலையோரம் மேலும் கீழும் நடக்கும். நாலைந்து நாளில், வலைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக மண்ணில் புரண்டு குளிப்பதைப் பார்க்கலாம். அந்த நிலை வந்த பிறகு திறந்தால் போதும். இடமும் வேலையும் கூடத் தேவைதான், இருந்தாலும் காயம்பட்ட கோழியைக் கவனிக்கிற வேலையை விட இது குறைவு.

திறக்கிற நாளில் வெளியிலேயே சேருங்கள், ஒரு மதியம் முழுக்கப் பார்த்துக்கொள்ள நேரம் இருக்கும்போது. தீவனம் இரண்டு இடத்தில், தண்ணீர் இரண்டு இடத்தில். சுவரில் சாய்த்த ஒரு பலகை நல்ல மறைவு, இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே பொறியாகிவிடும். அடையும் கம்பில் கோழிக்கு 20 முதல் 25 செ.மீ. இடம் விடுங்கள். சின்னக் கொத்தலுக்கெல்லாம் நடுவே போகாதீர்கள். ரத்தம் தெரிந்தால் மட்டும் உடனே பிரிக்க வேண்டும், சிவப்பைக் கண்டால் மற்றதும் வந்து கொத்தும்.

ஒரே ஒரு கோழி விடாமல் அடிக்கிறது என்றால் புதியதைத் தூக்காமல் அந்த அடிக்கிற கோழியையே மூன்று நாள் வேறிடத்தில் வையுங்கள். திரும்பி வரும்போது அதன் அதட்டல் குறைந்திருக்கும். புதியதை எடுத்தால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

முடிந்தால் ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள், ஏற்கெனவே பழகியவையாக. ஒன்றுதான் என்றால் பழையதில் சாதுவான ஒன்றை நாலு நாள் வலைக்குள் துணையாக விடலாம். விடைக்கோழியாக, அதாவது இன்னும் முட்டையிடாத இளம் பெட்டையாக இருந்தால் உடம்பு மற்றவற்றின் அளவுக்கு வரும்வரை பொறுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் மூன்றரை, நான்கு சதவீதம் வரை இருக்கும், அது இளசின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சேர்ந்திருக்கும் நாட்களில் எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனமே போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வைத்துவிடுங்கள்.

சேர்த்த பிறகு சில நாள், இருட்டினதும் கம்பில் இருக்கும் புதுக்கோழியின் மார்புக்கு மேலே தொட்டுப் பாருங்கள். தின்றது முதலில் தங்கும் தீனிப்பை அங்கே உருண்டையாக, கெட்டியாக இருந்தால் மற்றவை அதைத் தின்னவிடுகின்றன, வலையை எடுத்து மடித்து வைத்துவிடலாம். தட்டையாக இருந்தால் இன்னொரு தட்டு இன்னும் தள்ளி வைக்க வேண்டும்.