பளபளப்பைப் பார்த்து பிளேட்டிங்கை வாங்கிவிடாதீர்கள்

கடலூர் செம்மண்டலத்தில் எனக்குச் சின்ன லேத் பட்டறை. முதுநகர் துறைமுகத்துப் படகுக்காரர் ஒருவருக்கு வலை இழுக்கும் ரோலருக்காக 18 ஷாஃப்ட், அதாவது சுழல்தண்டு, செய்தேன். இஎன்8 என்கிற கார்பன் எஃகுக் கம்பி, இரண்டு முனையிலும் 25 மில்லிமீட்டர் துளையுள்ள 6205 பேரிங் உட்காரும் இடம். அதை 25.01 மில்லிமீட்டருக்குக் கிரைண்டிங் செய்து, ஜிங்க் பிளேட்டிங்குக்காக, அதாவது மின்சாரம் வைத்துத் துத்தநாகம் பூசுவதற்காக, புதுச்சேரிப் பக்கம் ஒரு கடைக்கு அனுப்பினேன். கடைப் பெயர் வேண்டாம்.

"12 மைக்ரான் போட்டுடலாம்ணே, மஞ்சள் பாசிவேஷன் கொடுத்தா உப்புக் காத்தே அண்டாது" என்றார் கடைக்காரர். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; பாசிவேஷன் என்பது துத்தநாகம் சீக்கிரம் அரிக்காமலிருக்க மேலே கொடுக்கும் ரசாயனக் குளியல். பேரிங் இடத்தை மறைத்துவிட்டுப் போடச் சொன்னேன், தலையாட்டினார். எல்லாம் வாய்ப்பேச்சுதான். சலானில் நான் எழுதியது 'ஜிங்க் பிளேட்டிங், 18 எண்ணம்', அவ்வளவே.

வந்த சரக்கு தங்கம் மாதிரி மின்னியது. பேரிங்கைப் போட்டுப் பார்த்தேன். கையாலேயே வழுக்கிக்கொண்டு ஏறியது. கிளம்பும்போது லேசாகத் தட்டினால்தான் ஏறிய பேரிங் அது! நானோ வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டு, இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் படகுக்குக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் படகுக்காரர் போன் செய்தார். ரோலர் ஆடுகிறதாம், ஷாஃப்ட் சிவந்துவிட்டதாம். போய்ப் பார்த்தால் நடுப்பகுதி முழுக்கச் செந்துரு. துத்தநாகம் அரிக்கும்போது வெள்ளையாகத்தான் பூக்கும். சிவப்பு தெரிகிறதென்றால் அந்த இடத்தில் துத்தநாகமே தீர்ந்து, அடி இரும்பு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருக்கும் நண்பரிடம் கோட்டிங் தடிமன் அளக்கும் கேஜை வாங்கி வந்து, பட்டறையில் மிச்சமிருந்த இரண்டு ஷாஃப்ட்டில் வைத்தேன். நடுவில் 4 மைக்ரான். பேரிங் இடத்தில் ஒன்றுமே இல்லை. மைக்ரோமீட்டரில் அந்த இடம் 24.98, அதுவும் ஒரு பக்கம் ஒரு அளவு. உற்றுப் பார்த்தால் உப்புத்தாள் கீறல்.

நடந்தது இதுதான். மறைக்காமல் அப்படியே தொட்டியில் இறக்கியிருக்கிறார்கள். மின்முலாம் பூசும்போது முனைகளிலும் ஓரங்களிலும் மின்சாரம் கூடுதலாகப் பாயும், அங்கே பூச்சு தடிக்கும், நடுவில் மெலியும். ஒரு பக்கத்தில் 10 மைக்ரான் ஏறினால் விட்டத்தில் 20 கூடும். பேரிங் ஏறவில்லை என்றதும் தேய்த்துவிட்டார்கள். பூச்சோடு என் கிரைண்டிங்கும் போயிற்று.

கேட்கப் போனேன். "மைக்ரான் எங்கண்ணே எழுதியிருக்கு?" என்று என் சலானையே நீட்டினார். அந்த மஞ்சள் நிறம் பாசிவேஷன் கரைசல் தருவது. 4 மைக்ரானிலும் அதே நிறம்தான் வரும். பேச்சுவாக்கில், 12.9 கிரேடு ஆலன் போல்ட்டுக்கு, அதாவது மிக உறுதியான எஃகு போல்ட்டுக்கு, பிளேட்டிங் போட்டதும் அடுப்பில் சுடுவீர்களா என்றும் கேட்டேன். 200 டிகிரி பக்கத்தில் சில மணி நேரம் வைக்காவிட்டால், பிளேட்டிங்கின்போது உள்ளே போன ஹைட்ரஜன் போல்ட்டை ஒருநாள் பட்டென்று ஒடித்துவிடலாம். "போல்ட்டு என்னண்ணே ரொட்டியா?" என்று சிரித்தார். நல்லவேளை, போல்ட் எதுவும் அங்கே கொடுத்திருக்கவில்லை.

என் தப்பும் உண்டு. கடல் தண்ணீர் தெறிக்கும் சாமானுக்கு 12 மைக்ரான் ஜிங்க்கே போதாது. உருக்கிய துத்தநாகத்தில் முக்கும் கால்வனைசிங் என்றால் 50 மைக்ரானுக்கு மேலேகூட நிற்கும். ஆனால் அது பேரிங் இடத்துக்கு ஆகாது. இப்போது 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்து தந்திருக்கிறேன், 304 இல்லை. 316இல் மாலிப்டினம் என்ற உலோகம் இருப்பதால் 304ஐவிட உப்பைத் தாங்கும். டிராயிங்கிலேயே பூச்சு எத்தனை மைக்ரான், எங்கே பூசக்கூடாது, பூசிய பிறகு அளவு என்ன என்று மூன்றையும் எழுதி, சலானோடு பின் அடித்துத்தான் இனி எதையும் வெளியே அனுப்புகிறேன்.

கடைக்காரர் பிளேட்டிங் கூலியை மட்டும் திருப்பித் தருவதாகச் சொன்னார். 18 ஷாஃப்ட்டுக்கான கம்பியும் கிரைண்டிங் கூலியும் என் தலையில். அந்தப் பிளேட்டிங் கூலியும் இன்னும் வரவில்லை.