மாட்டுங்கா மருந்துக் கடையில் குறைந்துபோன மாத்திரைகள்

மூன்று வார விடுப்பில் டென்மார்க்கிலிருந்து மும்பைக்கு வந்தவள், ஏழு வாரம் தங்கிவிட்டுத்தான் திரும்பினேன். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் பழுதுபட்டிருந்த அப்பாவின் இதயத்தின் மைட்ரல் வால்வில் (இடப்பக்க அறைகளுக்கு இடையே உள்ள வால்வு) ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி குடியேறியிருந்தது. மருத்துவமனையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. எந்தக் கிருமி என்று அறிய, முதல் ஊசிக்கு முன்பே இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு எடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் இரத்தக்குழாயில் ஊசி வழியே மருந்து சென்றது. காய்ச்சல் முற்றிலும் நின்று, உணவுக்குழாய் வழியே எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேன்) சீழ்க்கட்டி இல்லை என்று உறுதியான பிறகே, மீதி நான்கு வாரத்துக்கு மாத்திரை போதும் என்றார் மருத்துவர்.

அவர் ஆதாரமாகச் சொன்னது டென்மார்க் மருத்துவமனைகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வை! இதயத்தின் இடப்பக்க வால்வில் தொற்று கண்டு, குறைந்தது 10 நாள் ஊசி போட்டு உடல்நிலை சீரான 400 பேரில் ஒரு பாதியினர் மாத்திரைக்கு மாற்றப்பட்டனர், மறுபாதியினர் ஊசியிலேயே தொடர்ந்தனர். மரணம், எதிர்பாராத இதய அறுவை, வால்விலிருந்து துணுக்கு பிரிந்து இரத்தக்குழாயை அடைத்தல், தொற்று திரும்புதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் ஊசிக் குழுவில் 12.1 சதவீதம், மாத்திரைக் குழுவில் 9 சதவீதம். நான் வாழும் நாட்டில் பிறந்த அறிவு மும்பையின் மாட்டுங்காவில் என் அப்பாவை வீட்டுக்கு அனுப்பியது எனக்குப் பெருமகிழ்ச்சியாக இருந்தது.

அந்த மகிழ்ச்சி அன்று மாலை வரைதான் நீடித்தது. சீட்டில் எழுதியிருந்தது இரண்டு கிருமிக்கொல்லி மருந்துகள்: அமாக்சிசிலின் 1 கிராம் நான்கு வேளை, அதனுடன் மாக்ஸிஃப்ளாக்சசின் 400 மில்லிகிராம் ஒரு வேளை. அதை வாங்கப் போனது, நான் பள்ளிக்குப் போன காலத்திலிருந்தே எங்களுக்குப் பழக்கமான மருந்துக் கடைக்கு. மல்லிகையும் காப்பிப்பொடியும் மணக்கும் அந்தத் தெருவில் நின்றபோது ஊர் திரும்பிய நிறைவு எனக்கு வந்தது உண்மை. மாக்ஸிஃப்ளாக்சசினுக்கு விதிப்படி பதிவேட்டில் பெயர் எழுதினார்கள். ஆனால் இரவில் உறையைப் பிரித்தபோது அமாக்சிசிலின் 500 மில்லிகிராம், மூன்று வேளை என்று பேனாவால் குறித்திருந்தது. ஒரு நாளைக்கு 4 கிராம் போக வேண்டிய இடத்தில் ஒன்றரை கிராம்.

உடனே திரும்பிப் போனேன். "இவ்வளவு டோஸ் யாருமே எழுத மாட்டாங்கக்கா, டாக்டர் தப்பா எழுதியிருப்பார்னு நாங்களே சரி பண்ணிட்டோம்" என்றார் கடையில் இருந்த இளைஞர். அந்த மருத்துவரைத் தொலைபேசியில் ஒரு முறை கேட்டிருக்கலாம் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. டென்மார்க்கில் சீட்டு கணினி வழியே மருந்தகத்துக்குப் போய்விடும். ஐயம் இருந்தால் மருந்தாளர் மருத்துவரை அழைப்பாரே தவிர, தாமாக ஒரு மில்லிகிராமைக்கூட மாற்ற மாட்டார். அப்பாவோ, "நம்ம கடைப் பையன், நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பான்" என்று கடையின் பக்கமே நின்றார்.

தொண்டை வலிக்குக் கொடுக்கும் அளவு வால்வுக்குப் போதாது. வால்வுத் திசுவுக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைவு. கிருமிகள் ஃபைப்ரினும் (இரத்தம் உறையும்போது உருவாகும் நார்ப்புரதம்) தட்டணுக்களும் சேர்ந்த திரளுக்குள் ஒளிந்திருப்பதால் வெள்ளணுக்களும் அங்கே எளிதில் எட்டுவதில்லை. அதனால்தான் மருந்தின் அளவு இவ்வளவு உயர்வு. ஒன்று குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் போனாலும் மற்றது காக்கட்டும் என்றுதான் வெவ்வேறு வகையில் இரண்டு மருந்து. ஊசியை முன்கூட்டியே நிறுத்தும் துணிவு முழுவதும் இந்த அளவின்மேல்தான் நிற்கிறது. அதைக் கடைக்காரர் குறைத்தால், அப்பா வீட்டில் இருப்பதற்கே நியாயம் இல்லை.

மறுநாள் காலை மருத்துவரே கடைக்குத் தொலைபேசியில் பேசிய பிறகு, 500 மில்லிகிராம் அமாக்சிசிலின் ஒரு நாளைக்கு எட்டு வீதம் 28 நாளுக்கு 224 மாத்திரைகளை எண்ணி வாங்கினேன். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அலாரம் வைத்து, நள்ளிரவு வேளைக்கு அப்பாவை நானே எழுப்பிக் கொடுத்தேன்.